ஒற்றை ஓட்டைச் சீட்டு

குளக்கரைச் சிச்சிலிக்கு நடந்தது அநியாயம். வலது கண்ணில் கருவேல முள் குத்தி வந்தவளுக்குச் சுக்கைக் கொடுத்து அனுப்பினார்கள். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை! கண்ணுக்குச் சுக்கு! அவளோ மீன்கொத்தி. கண்தான் அவளுக்குச் சோறு. கரைப் பொந்தில் மூன்று குஞ்சுகள் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தன.

இதைச் செய்தவன் அவளுடைய பகைவன் இல்லை. ஆலமரத்து மருத்துவமனையில் சீட்டுப் போடும் மரங்கொத்தி.

அந்தக் காட்டு வழக்கம் இதுதான். கருமந்தி வைத்தியர் நோயைப் பார்ப்பார். மரங்கொத்தி அதை ஒரு பட்டைத் துண்டில் ஓட்டைகளாகக் கொத்துவான். கண் என்றால் மூன்று ஓட்டை, வயிறு என்றால் நான்கு. சீட்டு ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் மூலிகைக் கிடங்குக்குப் போகும். அங்கே முள்ளம்பன்றி தன் முள்ளை விட்டு ஓட்டைகளை எண்ணி மருந்து அனுப்பும்.

சித்திரை முதல் தேதி கிடங்கிலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது.

"ஆடி முதல் தேதியிலிருந்து புதுக் குறியீடு! எந்த உறுப்பு, இடமா வலமா, எதனால் வந்தது, எத்தனையாவது தடவை, எல்லாவற்றுக்கும் தனித்தனி ஓட்டை வேண்டும். வெறுமனே கண் என்று வந்தால் சீட்டைத் திருப்பிவிடுவோம். மூன்று மாதம் இருக்கிறது, தயாராகுங்கள். மாதிரிச் சீட்டு அனுப்பினால் சரிபார்த்துத் தருகிறோம்!"

கருமந்தி தலையைச் சொறிந்தார். "நான் நோயைப் பார்ப்பேனா, ஓட்டையை எண்ணுவேனா? நீயே பார்த்துக்கொள், தம்பி!"

மரங்கொத்தி புதுப் பட்டியலைப் புரட்டினான். தொள்ளாயிரம் குறிகள்! அவனுக்கு மயக்கமே வந்தது. ஆனால் கடைசியில் ஒன்று கண்ணில் பட்டது. ஒரே ஓட்டை: 'நோய் இன்னதென்று தெரியவில்லை. சுக்கு தரப்படும்.' அந்தச் சீட்டு மட்டும் திரும்பியே வராதாம்.

"அட, இது போதுமே!"

இருநூறு பட்டைகளில் ஒற்றை ஓட்டை கொத்தி அடுக்கிவைத்தான். அரைநாள் வேலை.

மூங்கில் தோப்பு மருத்துவமனையில் சீட்டுப் போடும் செம்போத்து இன்னமும் புதுக் குறிகளைப் பழகிக்கொண்டிருந்தாள். "இடது காதா, வலது காதா? சரியாகச் சொல்லுங்கள், அம்மா!" என்று ஒவ்வொருவரையும் துளைத்தாள்.

"என்னக்கா, இன்னும் காதைத் தாண்டவில்லையா?" என்று சிரித்தான் மரங்கொத்தி. "நான் வைகாசியிலேயே முடித்துவிட்டேன்!"

"அத்தனையுமா? மாதிரி அனுப்பிப் பார்த்தாயா?"

"திரும்பி வராத சீட்டுக்கு மாதிரி எதற்கு?"

ஆடி பிறந்தது. ஆலமரத்துச் சீட்டு ஒன்றுகூடத் திரும்பவில்லை. "கெட்டிக்காரன்!" என்று முதுகில் தட்டினார் கருமந்தி. பன்றியின் காதுவலிக்குச் சுக்கு வந்தது. மானின் குளம்புப் புண்ணுக்கும் சுக்கு வந்தது. கேள்வி கேட்க யாருக்கும் துணிச்சல் இல்லை.

அப்போதுதான் சிச்சிலி வந்தாள். கருமந்தி அவள் கண்ணைக் கழுவினார். முள்ளைப் பிடுங்கியது மரங்கொத்தி, தன் அலகால்! "வலது கண்தானே, பயப்படாதே, தங்கச்சி. நாலு நாளில் சரியாகிவிடும்" என்று சொன்னதும் அவன்தான். சொல்லிவிட்டு அடுக்கிலிருந்து மேல் சீட்டை எடுத்து அனுப்பினான்.

"அண்ணே, சுக்கு வந்திருக்கிறது!"

"கிடங்கில் ஏதாவது தப்புப் பண்ணியிருப்பார்கள்." அதே அடுக்கிலிருந்து இன்னொரு சீட்டு.

"அண்ணே, மறுபடியும் சுக்கு!"

"புது முறை, அப்படித்தான் இருக்கும்." இன்னொரு சீட்டு.

மூன்றாவதும் சுக்குதான். நான்காம் தடவை அவள் அக்கரைக் கிடங்கில் கேட்டுவிட்டு நேராக வந்தாள். வலது கண் சீழ் பிடித்து மூடியிருந்தது. மீன் என்று நினைத்துப் பாய்ந்து பாறையில் மோதியிருந்தாள். கிடங்கில் வாங்கிவந்த தன் மூன்று சீட்டுகளையும் எல்லோர் முன்னாலும் போட்டாள்.

"'உன் நோய் என்னவென்று உங்கள் மருத்துவமனைக்கே தெரியவில்லையாம் அம்மா, நாங்கள் என்ன செய்ய?' என்கிறார் முள்ளம்பன்றி! ஏண்ணே, முள்ளை எடுத்தது உங்கள் அலகுதானே? வலது கண் என்று சொன்னது உங்கள் வாய்தானே? உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் சொல்லுங்கள்!"

கருமந்தி குறுக்கே வந்தார். "முறையே கோளாறு, அம்மா. காடே திணறுகிறது!"

"காட்டை ஏன் இழுக்கிறீர்கள், வைத்தியரே? செம்போத்து அக்காவிடம் போன கொக்குக்கு மறுநாளே கண் மருந்து வந்ததே! இடமா வலமா என்று நீங்கள் ஒரு நாளாவது இவருக்குச் சொன்னீர்களா?"

கருமந்தி வாலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

மரங்கொத்தி தரையைப் பார்த்தான். பன்றி தன் சுக்கைப் பார்த்தது. மான் தன் குளம்பைப் பார்த்தது. யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு. சிச்சிலி பதிலுக்குக் காத்திருக்காமல் பறந்துவிட்டாள்.

அன்றே புதிதாகக் கொத்தினான்: கண், வலது, முள், நான்காம் தடவை. தானே ஆற்றைத் தாண்டிப் போய் மருந்தை வாங்கிவந்து கருமந்தியிடம் கொடுத்தான். வைத்தியர் பொந்துக்கே போய்ப் போட்டுவிட்டார். மிச்சமிருந்த ஒற்றை ஓட்டைச் சீட்டுகளைத் தூள்தூளாகக் கொத்தி எறிந்தான். பன்றியையும் மானையும் மறுபடி அழைத்து, எங்கே, எதனால் என்று கேட்டுக் கொத்தினான். வைத்தியரும் பக்கத்தில் உட்கார்ந்து இடம் வலம் சொன்னார்.

சிச்சிலியின் கண்ணில் பாதிப் பார்வை திரும்பியது. ஆனால் அந்தப் பொந்திலிருந்து இரண்டு குஞ்சுகள்தான் பறந்து வெளியே வந்தன.

மரங்கொத்தி தினமும் குளம்வரை பறப்பான். பொந்து தெரிந்ததும் திரும்பிவிடுவான். ஆவணியில் ஒரு காலை, திரும்பாமல் போய், அவள் இருந்த கிளைக்குக் கீழ்க்கிளையில் உட்கார்ந்தான்.

சிச்சிலி வேறெதுவும் கேட்கவில்லை. "தெரியுமா, தெரியாதா?"

"தெரியும், தங்கச்சி," என்றான் மரங்கொத்தி. "ஒருவர் வலி இன்னதென்று தெரிந்தும் அதை எழுதச் சோம்பல்படுகிறவன், அந்த வலியைத் தந்த முள்ளைவிடக் கொடியவன்."