வெள்ளாடு போன முதல் களப்பார்வை

ஒரு காட்டில் சமூக சேவை கற்றுத்தரும் பள்ளி இருந்தது. சான்றிதழ் வேண்டும் என்றால் ஒவ்வொரு மாணவரும் முப்பது நாள் வெளியே போய்க் களப்பணி செய்ய வேண்டும். யாரை எங்கே அனுப்புவது என்று முடிவு செய்யும் பொறுப்பு வெள்ளாட்டிடம் இருந்தது. அதற்கு நீளமான தாடி. அந்தத் தாடியைப் பார்த்துத்தான் பொறுப்பைக் கொடுத்தார்கள். வேறு காரணம் யாருக்கும் தெரியாது.

வெள்ளாடு மரநிழலை விட்டு எழுந்து போய் எந்த இடத்தையும் பார்த்ததில்லை. "விண்ணப்பம் அழகா இருக்கா? கையெழுத்து இருக்கா? போதும்" என்று சொல்லும். போன வருடம் குரங்குக்குச் சித்தப்பாவின் சிபாரிசு இருந்ததால் வாழைத்தோட்டத்தில் இடம் கிடைத்தது. முப்பது நாளும் அது தன் வயிற்றுக்கு மனம் கோணாமல் சேவை செய்தது.

ஆமைக்குச் சிபாரிசு செய்ய ஆளில்லை. போன இரண்டு வருடமும் இடமே கிடைக்காமல் திரும்பியது. இந்த முறை யாரும் கேட்காத ஓர் இடம் மிச்சம் இருந்தது. சதுப்பு ஓரத்தில் மலைப்பாம்பு நடத்தும் அன்பு இல்லம். வெள்ளத்தில் தாய் தகப்பனை இழந்த எலிக் குஞ்சுகளை அங்கே வளர்ப்பதாகப் பேச்சு.

"ஐயா, எலிக் குஞ்சுங்கள மலைப்பாம்பு வளர்க்குதா?" என்று ஆமை கேட்டது.

"அது எழுதின விண்ணப்பத்தைப் படிச்சுப் பாரு. எனக்கே கண்ணு கலங்கிடுச்சு" என்றது வெள்ளாடு.

ஆமை போய்ச் சேர்ந்தது. இல்லத்தில் இருபது குஞ்சுகள் இருந்தன. அன்றைக்கே அவை ஆமையின் ஓட்டின்மேல் ஏறிச் சறுக்கி விளையாடத் தொடங்கிவிட்டன. மூன்றாம் நாள் பதினேழுதான் இருந்தன.

"மூணு பேர் எங்கே?"

"பெரியம்மா வந்து கூட்டிட்டுப் போயிட்டாம்மா" என்றது மலைப்பாம்பு.

ஐந்தாம் நாள் பன்னிரண்டு. இந்த முறை தாய்மாமன் வந்தானாம். மலைப்பாம்பின் வயிற்றில் ஐந்து மேடுகள் வரிசையாக இருந்தன.  ஆமை கண்ணால் கண்டதை எல்லாம் களப்பணிக் குறிப்பில் எழுதியது. உண்ட மயக்கத்தில் இருந்த மலைப்பாம்பு அதைப் படிக்காமலேயே வாலால் கையெழுத்துப் போட்டது.

சனிக்கிழமை ஆமை குறிப்பை எடுத்துக்கொண்டு வெள்ளாட்டிடம் போனது. வெள்ளாடு கையெழுத்து இருந்த மூலையை மட்டும் கிழித்துப் பத்திரப்படுத்தியது. மீதியை வாயில் போட்டு மென்றது. எல்லா மாணவர்களின் குறிப்பையும் அது அப்படித்தான் படிக்கும்.

"ஐயா, அந்தப் பாம்பு பிள்ளைங்களைத் தின்னுது!"

"இல்லத்தை விட்டுப் போனா அதுக்குப் பேரு மறுவாழ்வு. ஒரே வாரத்துல எட்டுப் பேருக்கு மறுவாழ்வு குடுத்திருக்கு. அதைப் போய்க் குறை சொல்றியே?"

"ஒரு தடவை நேர்ல வந்து பாருங்க."

"இந்த வெயில்லயா? நீ பாதியில விட்டுட்டு வந்தா இந்த வருஷமும் சான்றிதழ் கிடையாது. போ. பிள்ளைங்களுக்கு ஏதாவது பயிற்சி குடுக்கணும்னு விதி இருக்கு. அதைச் செய்."

ஆமை வழியெல்லாம் யோசித்துக்கொண்டே திரும்பியது. மறுநாள் பயிற்சி தொடங்கியது. வளை தோண்டும் பயிற்சி.

"தொழிற்பயிற்சியா? நல்லது. அடுத்த விண்ணப்பத்துல எழுதிக்கலாம்" என்று சொல்லிவிட்டு மலைப்பாம்பு சுருண்டு தூங்கியது. ஐந்து எலிகள் செரிக்க வேண்டாமா?

பன்னிரண்டு குஞ்சுகளும் விடாமல் தோண்டின. நான்காம் நாள் நண்பகலில் வளை, இல்லத்துக்குப் பின்னால் இருந்த மண்மேட்டுக்கு அந்தப் பக்கம் திறந்தது. ஒவ்வொன்றாக அத்தனையும் தப்பின. ஆமை அந்த வளைக்குள் நுழைய முடியாது. அது வாசல் வழியாகவே மெதுவாக நடந்து போனது. களப்பணியில் இன்னும் இருபது நாள் பாக்கி. சான்றிதழ் போயிற்றே என்று கொஞ்சம் அழுதது. ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை.

மலைப்பாம்பு விழித்தது. இல்லம் காலி. பசியோ பெரும்பசி. உடனே வெள்ளாட்டுக்கு ஒரு கடிதம் எழுதியது.

'எங்கள் பிள்ளைகள் அனைவரும் மறுவாழ்வு பெற்றுவிட்டனர். இதற்கெல்லாம் காரணம் தாங்களே. தாங்கள் நேரில் வந்து பொன்னாடை ஏற்க வேண்டும்.'

பொன்னாடை என்றதும் வெயில் உறைக்கவில்லை. வெள்ளாடு தாடியை நீவிக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாகக் களத்துக்குக் கிளம்பியது.

"பிள்ளைங்க ஒருத்தரையும் காணோமே?" என்று வாசலில் நின்று கேட்டது.

"எல்லாரும் வீடு திரும்பிட்டாங்கய்யா. உள்ள வாங்க, கழுத்தைக் காட்டுங்க."

வெள்ளாடு பெருமையாகக் கழுத்தை நீட்டியது.

"பொன்னாடை கொஞ்சம் இறுக்கமா இருக்கே..." என்றது. அதற்குமேல் அது எதுவும் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை பள்ளிக்கு ஓர் அறிக்கை வந்தது. 'இந்த வாரம் இல்லத்துக்கு வந்தவர் ஒருவர். மறுவாழ்வு பெற்றவர் ஒருவர்.' வெள்ளாட்டின் இடத்தில் இப்போது சான்றிதழ் வாங்கிய குரங்கு உட்கார்ந்திருந்தது. அது அறிக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. கையெழுத்து சரியாக இருந்தது. அந்த இல்லத்துக்கு அடுத்து யாரை அனுப்பலாம் என்று பெயர்ப்பட்டியலை எடுத்தது.

நேரில் போய்ப் பார்க்காமல் கையெழுத்தை மட்டும் நம்பிப் பிறரை அனுப்புகிறவர், ஒரு நாள் தாமும் அதே வாசலில் போய்த்தான் கழுத்தை நீட்ட வேண்டியிருக்கும்.