தாண்டவர் வீட்டுக் கொல்லைக் கதவு

முன்னொரு காலத்திலே கருங்குன்றச் சீமையைக் கங்காதரராயர் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருதரம் அரண்மனையில் எதையாவது இடித்துக் கட்டாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. இடிக்கிற இடத்திலெல்லாம், "ஐயோ, நாங்க மனுக் கொடுக்க வர்ற வழியாச்சே!" என்று ஜனங்கள் கூப்பாடு போடுவார்கள்.

ஒருநாள் சபையில் கேட்டார்: "அரண்மனைக்குப் பத்தொன்பது கதவு. எவையெவை ஜனங்களுக்கு? சொல்லுங்கள், கல்லில் வெட்டிவிடுகிறேன். வெட்டிய கதவை நானே நினைத்தாலும் மூடக்கூடாது. மற்றதை என் இஷ்டப்படி இடிப்பேன்."

மந்திரி அம்பலவாணர் எழுந்தார். "நான்கு போதும் மகாராஜா. திறப்பது சுலபம். பழகிய வழியை மூடினால் ஜனங்கள் வயிற்றெரிச்சல் சும்மா விடாது."

"சபாஷ்!" என்றார் ராஜா.

அந்த ஒரு சபாஷில் பக்கத்திலிருந்த அரண்மனை உத்தியோகஸ்தர் தாண்டவருக்கு வயிறு பற்றி எரிந்தது. அந்த ஆளுக்கு என்ன குறை, சொல்லுங்கள்? அவர் வீட்டுக் கொல்லையிலிருந்தே அரண்மனைக்குள் போக ராஜா ஒரு கதவு வைத்துக் கொடுத்திருந்தார். விடிந்ததும் முதல் ஆளாகப் போய் ராஜா காதில் கோள் மூட்டுவார். மந்திரிக்கே இல்லாத பாக்கியம்! இருந்தும் அந்தச் சபாஷ் அவருக்குப் பொறுக்கவில்லை.

"நான்கா? என்ன கஞ்சத்தனம்!" என்று துள்ளினார். "பத்தொன்பதையும் திறந்துவிடுங்கள் பிரபு! உங்கள் புகழ் எட்டுத் திக்கும் பரவும்!"

"பத்தொன்பதுமா? வீட்டுக்குப் போய் ஒருதரம் எண்ணிப் பார்த்துவிட்டுச் சொல்லுமேன்," என்றார் மந்திரி.

"எண்ண என்ன இருக்கிறது? ஒன்றுகூட விடக்கூடாது!"

புகழ் என்றதும் ராஜா மயங்கிப்போனார். அன்றைக்கே கல்லில் வெட்டியாகிவிட்டது.

மறுநாள் காலையில் தாண்டவர் கொல்லைக்கு வந்தால், அங்கே எழுபது பேர் வரிசை! ஒருவன் எருமையோடு நிற்கிறான்.

"விலகுங்கள், நான்தான் முதலில் போகணும்!"

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. பின்னால போய் நில்லுங்க சாமி," என்றான் எருமைக்காரன்.

"நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க!" என்று தலையிலடித்துக்கொண்டாள் அவர் மனைவி கோமளம்.

உச்சிவேளையில்தான் தாண்டவரால் ராஜா காலில் விழ முடிந்தது. "அந்த ஒரு கதவை மட்டும் மூடிவிடுங்கள் பிரபு!"

"கல்லில் வெட்டியதை எப்படி ஐயா மூடுவது? உம் பேச்சைக் கேட்டதால், இனி என்னாலும் ஒரு சுவரை அசைக்க முடியாது!" ராஜா மந்திரியிடம் திரும்பினார். "அம்பலவாணரே, வழி உண்டா?"

"கதவை அசைக்க முடியாது மகாராஜா. வீட்டை மாற்றலாம்."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். தன் மோதிரத்தைக் கழற்றி மந்திரி விரலில் போட்டார். தாண்டவருக்கு ஊர்க்கோடியில் ஒரு வீடு கிடைத்தது.

அடுத்த நாள் அவசர அவசரமாக நடந்துவந்து, மற்றவர்களைப் போலத் தலைவாசலில் நின்றார் தாண்டவர். அவருக்கு முன்னால், என்றும்போல, அம்பலவாணர் நின்றிருந்தார். "வாரும், முன்னால் நில்லும்," என்று இடம் விட்டார்.

அப்போதும் பாருங்கள், தாண்டவருக்கு எரிந்தது: 'எனக்கு முந்தி எப்போதுதான் எழுந்து வந்தான் இந்த மனுஷன்!'