வடக்கே திரும்பிய ஊசி

ஏரியில் பனி இறங்கி, படகின் மூக்கே கண்ணுக்குத் தெரியவில்லை.

துடுப்புப் போட்டவன் தாண்டவன். எதிரே அவன் குரு வேலம்மை, மடியில் ஐஸ் டப்பாவோடு. உள்ளே இன்சுலின். வடக்கே தீவில் இருக்கும் அவன் சிநேகிதன் அந்தோணிராசுக்கு நேற்றே மருந்து தீர்ந்துபோயிருந்தது.

தாண்டவனுக்கு எல்லார் குரலும் வரும். மூக்கைப் பிடித்துக்கொண்டு ரயில் நிலைய அறிவிப்பாளரானான்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. தீவு வரை செல்லும் படகு இன்னும் சற்று நேரத்தில்..."

பக்கத்தில் ஒரு மூங்கில் கழி வந்தது. கிளம்பியபோது தாண்டிய அதே வலைக்கழி. உச்சியில் அதே சிவப்புத் துணி.

அறிவிப்பு நின்றது.

"வட்டம் போட்டிருக்கேன் அம்மா."

"ஆமா. அழகா போட்டிருக்கே."

"சிரிக்காதீங்க. வடக்கு எதுன்னு சொல்லுங்க."

"எனக்கும் தெரியலப்பா."

வேலம்மை தன் தையல் பையைத் திறந்தார். ஓர் ஊசி. சிந்திய ஊசிகளைப் பொறுக்க வைத்திருந்த பழைய ரேடியோ காந்தம். இரண்டையும் நீட்டினார்.

"காந்தத்தோட இந்த முகத்தால தேய். ஊசியோட காது வடக்கே பார்க்கும்."

தாண்டவன் முன்னும் பின்னுமாகப் பரபரவென்று தேய்த்தான்.

"பாத்திரமா விளக்குறே? காதுலேருந்து முனைக்கு ஒரே பக்கமா இழு. கையைத் தூக்கிக் கொண்டுவந்து, மறுபடி அதே பக்கம்."

இழுத்தான். விரல் கடுத்தது. நிறுத்தவில்லை.

பிறகு, தண்ணீர் இறைக்கும் தகர டப்பாவை எடுத்தான்.

"அது இரும்புடா. ஊசி அதைத்தான் பார்த்துட்டு நிக்கும். காந்தத்தையும் தூரப் போடு."

காந்தம் படகின் மறுகோடிக்குப் போனது. பிளாஸ்டிக் குவளையில் தண்ணீர் அள்ளி, தக்கைத் துண்டின் மேல் ஊசியைக் கிடத்தினான்.

தக்கை ஆடியது. மெல்லச் சுழன்றது. நின்றது. குவளையைத் திருப்பிப் பார்த்தான். ஊசி பழைய திசைக்கே வந்து நின்றது.

தாண்டவனுக்கு உயிர் வந்தது. உடனே அவன் வாயில் வேலம்மையின் குரலும் வந்துவிட்டது.

"ஏம்ப்பா ஊசி, அழகா திரும்பிட்டே. ஒரு விரக்கடை வடக்குப் பக்கம் நகரக் கூடாதா?"

ஊசி குவளையின் நடுவிலேயே கிடந்தது. அவன் சொந்தக் குரலுக்குத் திரும்பினான்.

"நிஜமாத்தான் கேக்குறேன் அம்மா. வடக்கு தெரிஞ்சும் அது ஏன் போக மாட்டேங்குது?"

வேலம்மை ஐஸ் டப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அதுக்காக அங்கே யாரும் காத்திருக்கல. நீ துடுப்பைப் போடு."