0.05-க்குக் கீழே

டாக்டர் முனீஸ்வரன் பெண்கள் தீக்காய வார்டின் தலைமை மருத்துவர். பட்டாசு ஆலைகள் சூழ்ந்த ஊர், வார்டில் கட்டில் காலியாக இருப்பது அபூர்வம். ஐம்பது வயதுக்கு மேல் அவருக்குப் புள்ளியியல் தேவைப்பட்டது. சனிக்கிழமைகளில் கல்லூரிப் பேராசிரியை செண்பகவல்லியிடம் போய்ப் படித்தார். மேடம் அவரைவிடப் பதினைந்து வயது சின்னவர். ஆனாலும் டாக்டர் அங்கே மாணவராகத்தான் உட்காருவார்.

அன்று லேப்டாப்பைத் திறந்து எக்செல்லைக் காட்டினார். இரண்டு நெடுவரிசைகள். பழைய களிம்பு போட்டவர்களுக்குப் புண் ஆற எத்தனை நாள் ஆயிற்று என்பது ஒன்றில், புதிய களிம்பு போட்டவர்களுக்கு எத்தனை நாள் என்பது மற்றதில். இரண்டையும் ஒப்பிடும் சோதனையைப் போட்டிருந்தார். விடை 0.31. அது 0.05-க்குக் கீழே வந்தால்தான் வித்தியாசம் தற்செயல் இல்லை என்று ஒப்புக்கொள்வார்கள்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக் கமிட்டி கூடுகிறது. எண் கீழே இறங்கினால் பழையதை நிறுத்திவிட்டு வார்டு முழுவதற்கும் புதிய களிம்புதான். டாக்டர் எந்த மருந்துக் கம்பெனியிடமும் கை நீட்டியவர் இல்லை. கட்டுப் பிரிக்கும்போது எழும் அலறலைக் கேட்டுக் கேட்டு மனம் நொந்து, புதியதை நம்பத் தொடங்கிவிட்டார். அந்த நம்பிக்கைதான் வினை.

"மேடம், எப்படிப் போட்டா இது சரியா வரும்?"

செண்பகவல்லிக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டார். கத்தித் தொலைத்தாலாவது தேவலை. பேசாமல் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்து என்னவோ செய்தார். பிறகு திருப்பிக் கொடுத்தார்.

"வீட்டுக்குக் கொண்டு போங்க. உங்களுக்குத் தோணுறதை எல்லாம் செஞ்சு பாருங்க. நாளைக்கு வாங்க."

ஞாயிற்றுக்கிழமை டாக்டர் முகம் மலர்ந்து வந்தார். விடை இப்போது 0.045.

என்ன செய்தீர்கள் என்று மேடம் கேட்டார். புதிய களிம்பு வரிசையில் மூன்று பேரை எடுத்துவிட்டதாக டாக்டர் சொன்னார். நாற்பது நாளாகியும் ஆறாத புண்கள். சர்க்கரை இருந்திருக்கும், அவர்களைச் சேர்த்தது தப்பு. எடுத்ததும் விடை 0.09-க்கு வந்துவிட்டது. அப்புறம் இரண்டு பக்கமும் பார்க்கும் சோதனையை ஒரு பக்கம் மட்டும் பார்ப்பதாக மாற்றினார். எண் பாதியானது. புதியது மோசமாக இருக்க வாய்ப்பே இல்லாதபோது அந்தப் பக்கம் எதற்குப் பார்க்க வேண்டும் என்றார்.

"சர்க்கரை இருந்துச்சா, கேஸ் ஷீட்டைப் பாத்தீங்களா?"

"முப்பது வருஷ அனுபவம் மேடம். இதுக்கெல்லாமா பாக்கணும்?"

"பழைய களிம்பு வரிசையிலயும் நாற்பது நாள் ஆனவங்க இருக்காங்களே. அவங்களுக்குச் சர்க்கரை இருக்காதா?"

அந்த வரிசையை டாக்டர் திரும்பிக்கூடப் பார்த்திருக்கவில்லை. மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நேத்து உங்க ஃபைல்ல ரெண்டு தலைப்பையும் இடம் மாத்தி வச்சேன்" என்றார் செண்பகவல்லி. "புதுசுன்னு போட்டிருக்கிற வரிசைதான் பழைய களிம்பு. பழசு நல்லதுன்னு நிரூபிச்சுக் கொண்டு வந்திருக்கீங்க, டாக்டர்."

சராசரிகள் இரண்டும் ஏறக்குறைய ஒன்று. எது எந்தக் களிம்பினுடையது என்று பார்க்கும் பொறுமை டாக்டருக்கு இருக்கவில்லை. கண்ணெல்லாம் அந்த ஒற்றை எண்ணில்தான் இருந்தது.

டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. வெந்துபோன உடம்புகளோடு அவர் மல்லுக்கட்டுகிறார், இந்த அம்மா ஏசி அறையில் உட்கார்ந்து அவரை ஏமாற்றி வேடிக்கை பார்க்கிறார். படித்தவர் செய்கிற வேலையா இது என்று கேட்டார்.

"நாளைக்கு இதை நான் கமிட்டியில வச்சிருந்தா? எத்தனை பேரு உடம்பு மேடம் இது? நீங்க மாத்தி வச்சதை நம்பி நான் போயிருந்தா?"

"நான் மாத்துனது ரெண்டு தலைப்பு. மத்ததெல்லாம் நீங்க மாத்துனது."

டாக்டர் நின்றுகொண்டே இருந்தார். திரையில் 0.045 அப்படியே இருந்தது. கோபம் வடியவில்லை, ஆனால் அதை யார்மேல் காட்டுவது என்று இப்போது தெரியவில்லை. கடைசியில் கேட்டார்.

"அப்ப நாளைக்கு நான் எந்தக் களிம்பைப் போடுறது?"

"எது நல்லதுன்னு எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. கட்டுப் பிரிக்கிறப்ப அந்தப் பொம்பளைங்ககிட்ட அதைச் சொல்லிட்டுப் போடுங்க."