ஏரியல் குழல்

கொடைக்கானலில் ஏரிக்குப் போகும் வழியில் ஒரு வீடியோ கேம் கூடம். அங்கே மெஷின்களைப் பழுது பார்ப்பவள் புளோரா. வயது முப்பத்துநான்கு. அவளிடம் தொழில் கற்க வந்தவர் அரியநாயகம் ஆசாரி. அவருக்கு ஐம்பத்தெட்டு.

வத்தலக்குண்டில் முப்பது வருடம் பொன் வேலை செய்தவர். கை நடுங்க ஆரம்பித்ததும் பட்டறையைச் சாத்திவிட்டு மலையேறினார். குளிர் ஊரில் எல்லோருக்கும்தான் கை நடுங்கும், தன் கையை யார் தனியாகப் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தார்.

மெஷினுக்குள் ஓடும் ஒயர்கள் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் பிளக்கில் வந்து முடியும். ஒவ்வொரு ஒயரின் நுனியிலும் ஒரு பின். பின்னின் இரு பக்கமும் குருணை அளவில் ஒரு கொக்கி. கருகிய பின்னை மாற்ற வேண்டுமென்றால் மெல்லிய குழல் ஒன்றை அதன்மேல் நேராகச் செருக வேண்டும். இரண்டு கொக்கியும் ஒன்றாக மடங்கும். பின் கழன்று வரும். குழல் இம்மி சாய்ந்தாலும் பின் ஒடியும்.

அந்தக் குழல் மலையில் எந்தக் கடையிலும் இல்லை.

"பழைய ரேடியோ ஏரியல் கிடைச்சா, அதுல நுனிக் குழாயை அறுத்து நீங்களே செஞ்சுக்குங்கண்ணே" என்றாள் புளோரா.

மூஞ்சிக்கல் பக்கம் இருந்த காயலான் கடையில் ஏரியல் கிடைத்தது. அறுத்தார், அரம் போட்டார். வைஸில் இறுக்கிய இரும்பு அசையாது. மேஜைமேல் முழங்கையோடு ஊன்றிய கையும் அசையாது. பார்க்க நகை மாதிரி இருந்தது குழல்.

மெஷினுக்குள் ஊன்ற இடமில்லை. அந்தரத்தில் நீட்டிய கை ஆடியது. பின் ஒடிந்தது.

"குளிரு, டீச்சர்."

"ஆமாண்ணே. குளிருதான்."

பிடி மெலிசாக இருப்பதால்தான் என்று நினைத்தார். உடைந்த குடையின் கைப்பிடியில் இரண்டாவது குழலைப் பொருத்தினார். ஒடிந்தது. மூன்றாவதன் பிடிக்குள் ஈயம் ஊற்றிக் கனமாக்கினார். நான்காவதை வாட்ச் வாரால் மணிக்கட்டோடு கட்டிக்கொண்டார்.

"நீங்க ஒடிச்ச பின்னையெல்லாம் உருக்கினா எனக்கு ஒரு மூக்குத்தி தேறும்போல" என்றாள் புளோரா.

"பித்தளை மூக்குத்தி புண்ணு வைக்கும், டீச்சர்."

இருவரும் சிரித்தார்கள். அவர் முதலில் நிறுத்தினார்.

சீசன் நெருங்கியது. அடுத்த வார வெள்ளிக்கிழமைக்குள் கார் ரேஸ் மெஷினைத் தனியாகப் பிரித்துப் பின் மாற்றிக் காட்ட வேண்டும், இல்லையென்றால் கீழே போகலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். கீழே அவருக்கு எதுவும் மிச்சமில்லை. ஒன்பது நாள் உட்கார்ந்து ஐந்தாவது குழலைச் செய்தார். அதை எடுத்துக்கொண்டு வியாழக்கிழமை காலை வந்தார்.

புளோரா ஒரு பேசினில் வெந்நீர் வைத்திருந்தாள். பக்கத்தில் ஹீட்டர் சிவந்துகொண்டிருந்தது.

"கையை உள்ள விடுங்கண்ணே."

விட்டார். நீர் ஆறும்வரை அப்படியே வைத்திருந்தார். அவளே துண்டால் துடைத்து, இரண்டு கைகளையும் ஹீட்டருக்கு முன்னால் நீட்டச் சொன்னாள். கைகள் சிவந்து, வெதுவெதுப்பாக, ஆடிக்கொண்டிருந்தன.

"குளிரு போயிருச்சுண்ணே" என்றாள்.

அவர் கைகளை மடியில் இழுத்துக்கொண்டார்.

"எப்போலேர்ந்து தெரியும்?"

"மொத நாளு டீ கிளாஸ் வாங்குனீங்களே, அப்பவே."

"ஏன் சொல்லல?"

"நீங்களும் சொல்லலியே."

அவர் கேட்டார்: "நடுங்குற கைக்குன்னு ஒரு கருவி உண்டா, டீச்சர்?"

அவள் ஐந்தாவது குழலை எடுத்துக்கொண்டு கார் ரேஸ் மெஷின் முன்னால் மண்டியிட்டாள். பிளக்கில் செருகினாள். பின் சத்தமில்லாமல் கழன்று வந்தது. இரண்டாவது வந்தது. கருகிய ஆறு பின்னும் வந்தன, ஒன்றில்கூடக் கீறலில்லை.

ஆசாரி மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். தன் வேலை சரியாக அமைந்ததைப் பார்க்கிற சந்தோஷம் அவருக்கு வந்து வருடக்கணக்காகிவிட்டது. ஆறு பின் கழலும் நேரம் மட்டும் அது நீடித்தது. பிறகுதான் அந்தக் குழல் யார் கையில் இருக்கிறது என்று பார்த்தார்.

"பன்னெண்டு வருஷமா இந்த வேலை பாக்குறேன்" என்றாள் புளோரா. "இப்படி ஒரு சாமான் என் கைக்கு வந்ததில்ல."

"இன்னொன்னு செஞ்சு பாக்கறேன், டீச்சர்" என்றார் அவசரமாக. "பிடியை இன்னும் கொஞ்சம் நீட்டி, முழங்கை வரைக்கும் கட்டை கொடுத்து... நாளைக்கு விடியறதுக்குள்ள செஞ்சிருவேன்."

புளோரா எழுந்து வந்து, தன் வலது கையை விரித்து அவர் முன்னால் மேஜையில் வைத்தாள்.

"செய்யுங்கண்ணே. இந்தத் தடவை இதுக்கு அளவெடுத்துக்குங்க."

அவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அளவெடுக்கத் தன் கையை நீட்டவில்லை.