கேட்பதும் செய்வதும்

"ரீச்சர், வழக்கில நாங்கள் செய்யிற காரியம் ரெண்டு வகை எண்டு சொன்னியள். எனக்கு விளங்கேல்லை."

டோர்ட்முண்ட் தமிழ் வாசிகசாலையில் வகுப்பு முடிந்து எல்லாரும் போயிருந்தார்கள். சதானந்தன் மட்டும் இருந்தார்.

சட்டத்தரணி ஆரணிக்கு அவருடைய மகளின் வயது. ஆனாலும் ஜெர்மன் நீதிமன்ற நடைமுறை படிக்க வந்த நாள்முதல் அவருக்கு அவள் ரீச்சர்தான்.

மறுநாள் அவருடைய சொந்த வழக்கு. எதிராளி பக்கத்து வீட்டுக்காரர், கூடப்பிறந்த அண்ணன் பாலேந்திரன். அண்ணன் வளவிலுள்ள செரிப்பழ மரத்தை வெட்டவேண்டும் என்று இவர் நீதிமன்றத்தில் கேட்டிருந்தார். மரத்தில் தொடங்கிய சண்டை. இப்போது பேச்சுவார்த்தையே இல்லை.

"விளக்கமாச் சொல்லுங்கோ. முதல்ல அந்த யன்னலைத் திறவுங்கோ. ஹீற்றர் சூடு தாங்கேலாமக் கிடக்கு."

ஆரணி அசையவில்லை.

"ரீச்சர், யன்னல்."

"கேட்டுட்டியள். திறக்கிறதும் விடுறதும் இனி என்ர கையில."

அவருக்கு முகம் சுண்டிப்போயிற்று. கோட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

"ஐயா, இப்ப எழும்பிப் போறதுக்கு என்னட்டைக் கேட்டியளோ? இதுதான் மற்ற வகை."

அவர் நின்றார். ஒரு கை கோட்டுக்குள் போயிருந்தது.

அகதி விடுதியில் முதல் பனிக்காலம். இருவருக்கும் ஒரே கோட்டு. அண்ணன் வேலையால் வந்து கழற்றித் தருவான். இவர் அதைப் போட்டுக்கொண்டு பாஷை படிக்கப் போவார். உள்ளே அண்ணனின் உடம்புச் சூடு ஆறாமல் இருக்கும். அதற்குப் பிறகு எத்தனையோ நல்ல கோட்டுகள் வாங்கிவிட்டார். அந்தச் சூடு ஒன்றிலும் இல்லை.

"வழக்கைத் திருப்பி எடுக்கிறது எந்த வகை?"

"எழும்பிப் போற வகை. நீங்கள் எழுதிக் குடுத்தா முடிஞ்சுது. தீர்ப்புத் தேவையில்லை."

"அண்ணன் வந்து கதைச்சா எடுக்கிறன் எண்டு எழுதலாமோ?"

"ஒரு காலை உள்ளுக்கை வைச்சுக்கொண்டு வெளியில போகேலுமோ?"

"பிறகு மனம் மாறினா?"

"சொன்ன சொல்லைத் திருப்பி வாங்கேலாது."

அவர் மற்றக் கையையும் கோட்டுக்குள் விட்டார்.

"நாளைக்கு அவன்ர முகத்தைப் பாத்திட்டு முடிவெடுக்கிறன்."

"நாளைக்கு விசாரணை தொடங்கினாப் பிறகு, திருப்பி எடுக்க உங்கட அண்ணன்ர சம்மதமும் வேணும்."

"இண்டைக்கு?"

"இண்டைக்கு நீங்கள் மட்டும் போதும்."