பந்து விழுந்த இடம்

மலை ஊர் ஒன்றில் கோல்ஃப் சொல்லித்தரும் பெண் ஒருத்தி இருந்தாள். பெயர் ஜெசிந்தா. அவளிடம் கற்க வந்தவர் சபேசன், அவளைவிட இருபது வயது மூத்த பல் டாக்டர்.

"கோச்சம்மா, மூணு வருஷமா என் அடி தூரமே போக மாட்டேங்குது. ஓடைக்குள்ளயே விழுது. கிளப்புல எனக்கு மீன் புடிக்கிறவர்னு பேரே வெச்சுட்டாங்க. ஞாயித்துக்கிழமை போட்டிக்கு டீம்ல சேர்ப்பாங்களான்னே தெரியல."

"ஒண்ணு அடிங்க சார்."

அடித்தார். பந்து ஓடைக்குள் போனது.

"மட்டை பந்துல படறதுக்கு முன்னாடியே தலையைத் தூக்கறீங்க. கூடவே தோளும் எழும்பிடுது. அப்புறம் பந்து எப்படிப் போகும்?"

"எங்க விழுதுன்னு பார்க்க வேண்டாமா?"

"அதை நான் பார்த்துச் சொல்றேன். நீங்க புல்லையே பாருங்க."

நாலு முறை தலை எழும்பியது. ஐந்தாவது முறை எழும்பவில்லை. 'டக்'கென்று சுத்தமாக ஒரு சத்தம்.

"ஓடையைத் தாண்டிடுச்சு சார்! ஆனா இடது பக்கம் புதருக்குள்ள போயிடுச்சு."

"சும்மா இருங்க. இந்தச் சத்தத்துக்கு நேராத்தான் போயிருக்கும்."

ஓடையைக் கடந்து போய்ப் புல்வெளி முழுக்கத் தேடினார். கால் மணி நேரம். பின்னால் வந்த ஜெசிந்தா புதருக்குள் கைவிட்டு, அவருடைய சிவப்புப் பொட்டு வைத்த பந்தை எடுத்து நீட்டினாள்.

சபேசன் கை நீட்டவில்லை.

"பாலையாவும் இப்படித்தான் புதர்னு சொன்னார்."

"யாரு அவரு?"

"பதினாறு வருஷம் என் மட்டைப் பையைத் தூக்கினவர். பந்தைப் பார்த்துச் சொல்றதும் அவர்தான். மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு போட்டியில, எதிர் ஆளோட சேர்ந்துக்கிட்டுப் பொய் சொல்றியான்னு எல்லார் முன்னாடியும் கேட்டுட்டேன். பையை இறக்கி வெச்சுட்டுப் போனவர்தான்."

"பந்து?"

"மறுநாள் புல் வெட்டறவங்க புதர்லதான் எடுத்தாங்க."

"அவர்கிட்டச் சொன்னீங்களா?"

"எந்த மூஞ்சியோட போறது? பஸ் ஸ்டாண்டுல டீக்கடை வெச்சிருக்கார். நான் அந்தப் பக்கமே போறதில்ல."

சபேசன் பந்தை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இப்பப் போய் மன்னிப்புக் கேட்டா, ஞாயித்துக்கிழமை பந்து தூரம் போயிடுமா கோச்சம்மா?"

"அது தெரியாது சார். ஆனா அடுத்த தடவை ஒருத்தர் புதர்னு சொன்னா, முதல்ல புதர்ல தேடுவீங்க."